மலையேற எங்களுக்கும் கால்கள் உண்டு

"பொம்பளப் பிள்ளைகளுக்கு மலை எதுக்கு? விழுந்து கை கால் ஒடிஞ்சா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

எங்கள் வகுப்பின் மலையேற்ற உலாவுக்கான அனுமதிச் சீட்டு வீடுகளுக்குச் சென்ற அன்று, எங்களில் பலருடைய வீட்டில் எழுந்த கேள்வி இது. சில வீடுகளில் கேட்டவர் அப்பா. சில வீடுகளில் சித்தப்பா. ஒரு வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் தம்பி! 42 பேர் உள்ள எங்கள் வகுப்பில் கையெழுத்துடன் திரும்பி வந்த சீட்டுகள் 29 மட்டுமே.

அந்த 29 பேரும் சென்று வந்தோம். ஒருத்திக்குக் கால் சுளுக்கியது. அடுத்து நடந்த பெற்றோர் கூட்டத்தில், "இனி மலை வேண்டாம், வரும் ஆண்டிலிருந்து பிள்ளைகளை நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாம்" என்று முடிவாகியிருக்கிறது. இந்த முடிவு மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. நாங்கள் இந்த ஆண்டோடு இப்பள்ளியிலிருந்து விடைபெறுகிறோம். ஆகவே இதை எங்களுக்காகக் கேட்கவில்லை. எங்களுக்குப் பின் வரும் தங்கைகளுக்காகக் கேட்கிறோம்.

நாங்கள் சென்ற இடம்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழக அரசு இந்த ஊரையும் பக்கத்திலுள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 எக்டேர் நிலத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அத்தகைய தகுதி பெற்ற முதல் இடம் இதுதான். வரிசையாக நிற்கும் ஏழு பாறைக் குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவை இங்கே வாழ்கின்றன. பறவைகளில் ஏறத்தாழ 250 வகை உண்டு. லகுடு வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் ராசாளிப் பருந்தும் இப்பாறைகளுக்கு மேலே வட்டமிடுகின்றன.

இவ்வளவு பெருமை உள்ள இடம் எங்கள் பள்ளி வாசலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. எங்களில் 27 பேர் அதுவரை அதைப் பார்த்ததில்லை. ஊட்டியைப் பார்த்தவர்கள் உண்டு. சிங்கப்பூரைப் பார்த்தவளும் ஒருத்தி உண்டு. அரிட்டாபட்டியைப் பார்த்தவர்கள் இருவர்தான்!

டிசம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கெல்லாம் கழிஞ்சமலை அடிவாரத்தில் நின்றோம். அங்கே பாண்டியர் காலத்தில் பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில் உண்டு. பாறையின் மற்றொரு பக்கத்தில் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளம் உண்டு. அதன் நெற்றியில் 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. மழைநீர் உள்ளே வடியாதிருக்கப் பாறையின் விளிம்பில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் இதைப் பற்றி நான்கு வரிகள் உள்ளன. நாங்கள் அந்தக் காடிக்குக் கீழே நின்று பார்த்தபோது, முந்தின நாள் பெய்த மழையின் நீர் உண்மையிலேயே அதன் வழியே ஒதுங்கிச் சொட்டிக் கொண்டிருந்தது! நான்கு வரிகளை மறந்துவிடலாம். அந்தச் சொட்டும் நீரை மறக்க முடியுமா?

குகைத்தளத்தைப் பார்த்தபின் பாறையில் ஏறத் தொடங்கினோம். யானையின் முதுகு போன்ற வழுவழுப்பான சரிவு அது. பத்தடி ஏறியதும் எங்களில் பாதிப் பேர் நான்கு கால் பிராணிகளாகிவிட்டோம். கைகளை ஊன்றி, உடலைப் பாறையோடு ஒட்டிக் கொண்டோம். அப்படி ஒட்ட ஒட்டக் கால் வழுக்கியது. வழுக்க வழுக்க இன்னும் ஒட்டினோம். அப்போது ஆடு மேய்க்க வந்த பாட்டி ஒருவர், செருப்பும் இல்லாமல் எங்களைக் கடந்து மேலே போனார். எழுபது வயது இருக்கலாம். எங்களைத் திரும்பிப் பார்த்து, "குனியாதீங்க தாயி, நிமிந்து நில்லுங்க. பாறை ஒங்களத் தள்ளாது" என்றார்.

நிமிர்ந்து நின்றோம். கால் பிடித்துக் கொண்டது!

உடன் வந்த உடற்பயிற்சி ஆசிரியை அதன் காரணத்தை விளக்கினார். சரிவில் நிமிர்ந்து நின்றால் உடலின் எடை முழுவதும் பாதத்தின் மேல் இறங்குகிறது; பாதத்துக்கும் பாறைக்கும் இடையே உராய்வு கூடுகிறது. அஞ்சிக் குனிந்தால் எடை கைக்குப் போகிறது. பாதம் பிடியை இழக்கிறது. உராய்வு விசை என்று பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவர்கள்தாம் நாங்கள். அது இன்னதென்று அன்று எங்கள் பாதம் சொல்லித்தான் தெரிந்து கொண்டோம்.

வழுக்கிய கால்

இனி, எல்லாருக்கும் தெரிந்த அந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கூறுகிறோம். எல்லாருக்கும் தெரியாத ஒரு பகுதியும் அதில் உண்டு.

இறங்கும் வேளையில், கறுப்பாகத் தெரியும் தடங்களில் கால் வைக்கக் கூடாது, அங்கே நீர் வடிந்து பாசி படிந்திருக்கும் என்று சிஸ்டரும் ஆசிரியையும் ஒருமுறைக்கு மும்முறை சொன்னார்கள். ஒருவர் பின் ஒருவராக வரவேண்டும், யாரும் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது என்றும் சொன்னார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் முதலில் இறங்கிவிட்டோம். பசி வேறு. மேலே ஒருத்தி நிதானமாக, சொன்னபடியே, அடிமேல் அடி வைத்து வந்து கொண்டிருந்தாள். கீழே நின்ற நாங்கள் கை தட்டி, "சீக்கிரம் வாடி! புளியோதரை தீர்ந்து போகுது!" என்று கூவினோம். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்துக் கொண்டே குறுக்கு வழியில் கால் வைத்தாள். அது கறுப்புத் தடம்.

கணுக்கால் சுளுக்கியது. எலும்புக்கு ஒன்றும் இல்லையென்று எக்ஸ்ரே காட்டியது. இரண்டு வாரம் நொண்டினாள். இப்போது கூடைப்பந்து ஆடுகிறாள்.

பெற்றோர் கூட்டத்தன்று நாற்காலி எடுத்துப் போடவும் தேநீர் கொடுக்கவும் எங்களில் ஐவர் அந்த மண்டபத்தில் நின்றோம். "பிள்ளைகளை இப்படியா பார்த்துக் கொள்வது?" என்று சிலர் கேட்டபோது, எங்களோடு வந்த சிஸ்டர் எழுந்து, "பொறுப்பு என்னுடையது" என்று மட்டும் சொல்லி அமர்ந்தார். கூவியது நாங்கள்தான் என்று சொல்ல எங்கள் ஐவருக்கும் வாய் வரவில்லை. தேநீர்த் தட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக் கொண்டு நின்றோம். மலையில் வராத பயம் மண்டபத்தில் வந்துவிட்டது. அன்று சொல்லாததை இன்று இந்தப் பக்கங்களில் எழுதுகிறோம். தவறு மலையுடையது அன்று, சிஸ்டருடையதும் அன்று. எங்களுடையது. எங்கள் பிழைக்காக அடுத்த ஆண்டுத் தங்கைகள் மலையை இழப்பது நியாயமா?

அச்சம் காக்குமா, அறிவு காக்குமா?

மலையில் ஆபத்தே இல்லை என்று நாங்கள் வாதிடவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெண்கள் பலர் அதில் இருந்தனர். அந்தச் செய்தியை நினைவில் வைத்திருக்கும் பெற்றோர் தயங்குவதில் வியப்பில்லை. அவர்களுடைய தயக்கம் அன்பிலிருந்து பிறப்பது என்பதை நாங்கள் அறிவோம்.

ஆனால் குரங்கணி கற்பித்த பாடம் என்ன? மலைக்கே போகாதே என்பதா? கோடையில் புல் காய்ந்து கிடக்கும்போது போகாதே, அனுமதியின்றிப் போகாதே, வழி அறிந்தவர் துணையின்றிப் போகாதே என்பதல்லவா? அதன்பின் அரசு மலையேற்றத்துக்கென விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் வழிகாட்டிகளுடன் மக்களுக்குத் திறந்துவிட்டது. தீ பரவும் மாதங்களில் பாதைகளை மூடுகிறது. அறிவைக் கொண்டு ஆபத்தைக் குறைக்கும் வழி இது.

சாலையில் நாள்தோறும் விபத்து நடக்கிறது. அதற்காகப் பிள்ளைகளைச் சாலைக்கே அனுப்பாமல் இருக்கிறோமா? வலப்புறமும் இடப்புறமும் பார்த்துக் கடக்கச் சொல்லித் தருகிறோம். நீர் விளையாட்டுப் பூங்காவிலும் வழுக்கி விழுவோர் உண்டு. அங்கே விழுந்தால் "விளையாட்டு" என்கிறோம், மலையில் விழுந்தால் "பொம்பளப் பிள்ளைக்கு இது தேவையா?" என்கிறோம். இந்த இரண்டு அளவுகோல்கள் ஏன்?

பெண்கள் ஏறாத மலையா?

அனுமதிச் சீட்டில் எங்களில் ஒருத்தியின் அப்பா கையெழுத்திட மறுத்தபோது, அவளுடைய அப்பத்தா சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஒங்கப்பன் கெடக்கான். நான் ஒன் வயசுல வெறகு பொறுக்க மலைக்குப் போகாத நாளில்ல. தலையில சொமையோட எறங்கியிருக்கேன். நீ வெறுங்கையோட ஏற மாட்டியா?" என்றார். அப்பா பேசாமல் கையெழுத்திட்டார். நம் பாட்டிமார்களுக்கு மலை புதிதன்று. விறகுக்கும் புல்லுக்கும் ஆட்டுக்கும் அவர்கள் ஏறினார்கள். இரண்டு தலைமுறைக்குள் ஏறும் பழக்கத்தை விட்டவர்கள் நாம்தான். நமக்குக் குறைவது பலமன்று, பழக்கம்.

1975 மே 16 அன்று எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாகக் கால் பதித்த பெண், ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தபேய். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் அவர் பனிச்சரிவில் புதைந்து மீட்கப்பட்டிருந்தார். இந்தியாவிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் பச்சேந்திரி பால், ஆண்டு 1984. தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண், விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்செல்வி, ஆண்டு 2023. இவர்கள் பெயரைப் பொது அறிவுப் போட்டிக்காக நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் இக்கட்டுரைக்காகத் தேடியபோதுதான் வேறொன்று எங்கள் கண்ணில் பட்டது. ஜுன்கோ தபேய் முதன்முதலில் மலையேறியது பத்து வயதில். வகுப்பு ஆசிரியர் அழைத்துச் சென்ற பள்ளிச் சுற்றுலாவில். பச்சேந்திரி பால் முதன்முதலில் மலையேறியது பன்னிரண்டு வயதில். அதுவும் பள்ளிச் சுற்றுலாவில்தான்!

அந்த இரு பள்ளிகளும் அந்த ஆண்டு, "மலை வேண்டாம், வேறெங்காவது போகலாம்" என்று முடிவு செய்திருந்தால்?

நம் சிஸ்டர்களுக்கும் ஒன்றைப் பணிவுடன் நினைவூட்டுகிறோம். திருத்தந்தை 11-ஆம் பயஸ், இளங்குருவாக இருந்தபோது ஆல்ப்ஸ் மலைகளில் ஏறியவர். 1889-இல் மோந்தே ரோசா சிகரத்தை அடைந்தவர். 1923-இல் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜோர்ஜோ ஃப்ராசாத்தி, நண்பர்களோடு மலையேறுவதில் பெருவிருப்பம் கொண்ட இளைஞர். ஆகவே மலை ஏறுவது கான்வென்ட் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது.

மலையைக் காத்தவர்கள்

இவையெல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது.

2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் சுற்றியுள்ள ஊர்களையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 5,000 ஏக்கர் நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்டும் உரிமை ஏலம் விடப்பட்ட செய்தி வெளியானது. பல்லுயிர் மரபுத் தலம் என்று அறிவித்து இரண்டே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. ஊர் மக்கள் எழுந்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மதுரையை நோக்கி நடந்து வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

அன்று நடந்து வந்தவர்களில் பெண்கள் ஏராளம். நாங்கள் ஏறிய நாளில் எங்களைக் கடந்து போன அந்தப் பாட்டியிடம், "நீங்களும் வந்தீர்களா?" என்று கேட்டோம். "வராம? எங்க மலையாச்சே" என்றார். அவருக்கு டங்ஸ்டன் என்ற தனிமத்தின் குறியீடு தெரியாது, எங்களுக்குத் தெரியும். ஆனால் எந்தச் சுனையில் எந்த மாதம் வரை நீர் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அந்த ஜனவரி மாதத்தில் நாங்கள் மதுரையில்தான் இருந்தோம். சாலையில் நெரிசல், பள்ளி வண்டி தாமதம் என்பதைத் தவிர அந்த நாளைப் பற்றி எங்களுக்கு வேறு நினைவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்று அதே செய்தி வந்தால் எங்களால் அப்படி இருக்க முடியாது. ஏனெனில் அந்தப் பாறை எங்கள் பாதத்துக்குத் தெரியும். தெரியாத ஒன்றுக்காக யாரும் கலங்குவதில்லை. சுற்றுச்சூழல் தினத்தன்று நாம் சுவரொட்டி வரைகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிறோம். இவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை ஏறி, ஒரு சுனை நீரில் கை நனைத்து, ஒரு வல்லூறு வட்டமிடுவதை அண்ணாந்து பார்த்தவளுக்கு அந்த உறுதிமொழியின் பொருள் வேறு. நாளை இந்த மலைகளைக் காக்க வேண்டியவர்கள் நாங்கள் என்றால், இன்று அவற்றை எங்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டாமா?

எங்கள் வேண்டுகோள்

வெறுமனே கேட்பது முறையன்று என்பதால், நாங்கள் 29 பேரும் கூடிப் பேசி, செல்ல வேண்டிய முறையையும் எழுதியிருக்கிறோம்.

1. செல்வதற்கு முன் ஒரு மாதம் உடற்பயிற்சி வகுப்பில் பயிற்சி வேண்டும். இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால் என எப்போதும் மூன்று பிடி பாறையில் இருக்க வேண்டும் என்ற விதி மூச்சு விடுவதைப் போலப் பழகிவிட வேண்டும்.

2. பத்து மாணவியருக்கு ஒரு பெரியவர் வீதம் துணை வரவேண்டும். ஊராரிடமும் வனத்துறையிடமும் முன்கூட்டியே சொல்லி, வழி அறிந்த உள்ளூர்க்காரரை அழைத்துச் செல்ல வேண்டும். செங்குத்துப் பாறையில் ஏறுவதானால் கயிறும் தலைக்கவசமும் பயிற்சி பெற்ற பயிற்றுநரும் இருந்தால் மட்டுமே.

3. கோடையிலும், மழை பெய்து கொண்டிருக்கும்போதும், வல்லூறுகள் பாறை இடுக்குகளில் குஞ்சு பொரிக்கும் ஆண்டுத் தொடக்க மாதங்களிலும் போகக் கூடாது. மலைத்தேனீக்களின் கூடு இருக்கும் பக்கம் புகையோ வாசனைத் திரவியமோ கூச்சலோ கூடாது.

4. முதலுதவிப் பெட்டி, ஆளுக்கொரு விசில், போதிய தண்ணீர், அடிவாரத்தில் தயாராக ஒரு வண்டி ஆகியவை கட்டாயம்.

5. பாறையில் பெயர் எழுதக் கூடாது. 2000 ஆண்டுகளாக நிற்கும் எழுத்துக்குப் பக்கத்தில் நம் பெயருக்கு என்ன வேலை? கொண்டு போன குப்பையைக் கொண்டு வரவேண்டும்.

6. கீழே இறங்கியவர்கள் மேலே இருப்பவர்களைப் பார்த்துக் கூவக் கூடாது. இந்த விதியை நாங்கள் விலை கொடுத்துக் கற்றோம்.

இவற்றோடு இன்னொன்று. தயங்கும் பெற்றோர்களே, நீங்களும் எங்களோடு வாருங்கள். குறிப்பாக அம்மாக்கள் வரவேண்டும். உங்கள் பிள்ளை எங்கே கால் வைக்கிறாள் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நீங்களும் ஏறிப் பாருங்கள். உங்களில் பலர் எங்களைவிட நன்றாக ஏறுவீர்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

கால் சுளுக்கிய தோழி இக்கட்டுரையை எங்களுக்கு முன்பே படித்துப் பார்த்தாள். தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள். "அன்னைக்கு என் புளியோதரையை மிச்சம் வைக்காம தின்னீங்கள்ல, அதையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டோம். பிறகு கேட்டாள்: "அடுத்த வருஷம் பழைய மாணவிகளையும் கூட்டிட்டுப் போவாங்களா?"

சிஸ்டர், அந்தக் கேள்விக்கும் சேர்த்து உங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி,
உடன் ஏறிய 28 பேருக்காகவும்